நோஞ்சானின் ஆட்கள்

மார்ச் 10
ஐந்தாம் மாடி, கண்ணாடி அறை

தம்பிக்கு,

முதலில் நன்றி. என் வீட்டுக்காரர், அதான் உன் மாமா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "நன்றின்னு எழுதிட்டு அப்புறம் என்ன வேணா எழுது" என்று போனில் கத்துகிறார். எழுதிவிட்டேன். இனி என் இஷ்டம்.

ஆறு வருஷமாகப் பேசாதவன் வந்து குப்புறப் படுத்து, இடுப்பெலும்பில் ஊசி குத்தவிட்டு, ஒரு பை நிறைய மஜ்ஜை கொடுத்திருக்கிறாய். மறுநாள் நொண்டிக்கொண்டே ஐந்தாம் மாடிக்கு வந்து, நான் தூங்குவதைப் பார்த்துவிட்டு, கப்பல் மெயில் முகவரியை ஒரு துண்டுச் சீட்டில் கிறுக்கி நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாயாம். எழுப்பினால் என்ன, கடித்தா விடுவேன்? இங்கே ஒரு கறார் நர்ஸ் இருக்கிறார். "உங்க தம்பி அஞ்சு நிமிஷம் நின்னாரு. கண்ணாடியில கைய வேற வச்சுட்டாரு, ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டியதாப் போச்சு" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

என்னால் பேச முடியவில்லை. மருந்தின் வேகத்தில் வாயெல்லாம் புண். அதனால்தான் கடிதம், ஸ்பிரிட்டில் துடைத்த டேப்லெட்டில் தட்டுகிறேன். காகிதம் உள்ளே வரக் கூடாது. திரையில் படித்தால் கண் கூசுகிறது, அதனால் நீ எழுதினால் நர்ஸ் அச்செடுத்து, கண்ணாடியில் வெளிப்பக்கம் ஒட்டுவார், நான் உள்ளிருந்து படிப்பேன். பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு என்ன வியாதி என்று யாராவது உனக்கு ஒழுங்காகச் சொன்னார்களா? நான் ஏதோ கிருமி புகுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்தத்தைத் தயாரிக்கும் இடம். சிவப்பு, வெள்ளை, எல்லா அணுவும் அங்கே பிறந்துதான் வெளியே வருகின்றன. வெள்ளை அணுக்களில் காவல் காக்கும் ஒரு கூட்டம், அந்தத் தயாரிப்பு இடத்தையே எதிரி என்று நினைத்து அடித்து நொறுக்கிவிட்டது. "வெளியாள் யாருமே வரலைங்க. உங்க ஆளுங்களே உங்க அடுப்ப உடைச்சிட்டாங்க" என்றார். நான் பேக்கரிக்காரி என்பதால் அடுப்பு என்று சொன்னார் போலிருக்கிறது. நன்றாகவே புரிந்தது.

இப்போது என் பழைய ஆட்களையெல்லாம் மருந்து வைத்துத் துரத்தியாகிவிட்டது. அறை காலி. உன் ஆட்கள் வந்து குடியேற வேண்டும். அதுவரை ஒரு தும்மல் கூட எனக்கு ஆபத்து.

அந்தக் கேக் விஷயத்தை நான் பேசப் போவதில்லை. நீயும் பேசாதே.

அக்கா


மார்ச் 13
கப்பல்

அக்காவுக்கு,

பேசுவேன்.

எஞ்சின் ரூமில் இருந்து எழுதவில்லை, பயப்படாதே. அங்கே இருக்கிற சத்தத்தில் யோசனையே வராது. கேப்டன் அறையில் ஒரு கணினி இருக்கிறது. எல்லோருடைய மெயிலும் சேர்ந்து நாளுக்கு ஒருமுறைதான் போகும், வரும். பின்னால் சமையல்காரர் வரிசையில் நிற்கிறார், அவர் மனைவிக்கு எழுத வேண்டுமாம். அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

உன் கடை திறந்த அன்று எனக்கு சாக்லேட் கேக் கொடுத்தாய். இரண்டாவது வாயிலேயே தொண்டை அடைத்தது. கேக்கில் கடலைப் பொடி இருந்தது. ஆட்டோ பிடித்து நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி போட்டார்கள். திரும்பி வந்து, "தெரிஞ்சே போட்டியா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "சத்தியமா இல்ல, கை தவறி விழுந்திருக்கும்" என்றாய். அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது, "ஊசி போட்ட அரை மணியில சரியாப் போயிடுச்சுன்னா அது என்னடா வியாதி? எல்லாம் நடிப்பு" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். சின்ன வயதிலிருந்து நீ எனக்கு வைத்த பெயரே நோஞ்சான். அன்று அதோடு பொய்யன் என்றும் சேர்ந்தது.

இந்தக் கப்பலில் சேர்ந்த அன்று சமையல்காரரிடம் ஒரே தடவைதான் சொன்னேன், எனக்குக் கடலை ஆகாது என்று. மறுநாளே எனக்கென்று ஒரு தனி வாணலி வாங்கி வைத்துவிட்டார். முன்பின் தெரியாத மனிதர். சொன்னதை நம்பினார், அவ்வளவுதான்.

சரி, கோபம் முடிந்தது. இப்போது உண்மையைச் சொல்கிறேன். ஏன் எழுப்பவில்லை தெரியுமா? மொட்டைத் தலையோடு நீ வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாய். எழுப்பினால் அழுதுவிடுவேன் என்று பயந்தேன்.

உடன்பிறந்தவர் பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்புதான் என்று அந்த டாக்டரம்மா சொன்னார். ரிசல்ட் வந்த அன்று ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து நாலு டீ வாங்கி நாலையும் குடிக்காமல் ஆறவிட்டேன். பொருந்திவிட்டது அக்கா! நீயும் நானும் உள்ளுக்குள் ஒரே அச்சு. உனக்குக் கோபம் வரலாம், ஆனால் மறுக்க முடியாது.

என் ஆட்கள் வந்து சேர்ந்தார்களா? உடனே எழுது.

நோஞ்சான்


மார்ச் 19
கண்ணாடி அறை

நோஞ்சானுக்கு,

உன் கடிதத்தை நர்ஸ் ஒட்டும்போதே படித்துவிட்டார். "கேக்குல போட்டீங்களா?" என்று கேட்டார். வாய்ப் புண்ணைக் காட்டித் தப்பித்தேன்.

இன்றோடு பதினைந்து நாள். காலையில் ரத்தம் எடுக்கிறார்கள், மதியம் எண்ணிக்கை வருகிறது. பூஜ்யம். நேற்றும் பூஜ்யம். முந்தாநாளும். நியூட்ரோஃபில் என்று ஒரு வகை வெள்ளை அணு, கிருமியை முதலில் ஓடிப்போய்த் தின்பது அதுதான். அது ஐந்நூறைத் தாண்டி மூன்று நாள் நின்றால்தான் உன் மஜ்ஜை பிடித்துவிட்டது என்று அர்த்தம். பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று டேப்லெட்டில் எழுதிக் காட்டினேன். டாக்டரம்மா என் பாதத்தைத் தட்டிக் கொடுத்தார்.

நேற்று நூற்றி மூன்று காய்ச்சல். என் வயிற்றிலேயே காலம் காலமாக இருந்த கிருமிதானாம், காவல் இல்லை என்று தெரிந்ததும் ஆட்டம் போடுகிறது. இத்தனை வருஷம் எத்தனை பேரை உள்ளே அடக்கி வைத்திருந்தோம் என்று நமக்கே தெரியாது பார். நன்றாக இருக்கும்போது உடம்பு சும்மா இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். சும்மாவே இல்லையாம். ஒவ்வொரு நிமிஷமும் உள்ளே அடிதடிதான், நம் காதுக்கு வருவதில்லை.

ஒரு விஷயம் கேட்டு அசந்து போனேன். உன் மஜ்ஜையை என் எலும்பில் வைக்கவில்லை. ரத்தக் குழாயில்தான் விட்டார்கள். அங்கிருந்து அதுவே நீந்திப் போய் எலும்புக்குள் இடம் பிடிக்குமாம். யாரும் வழி காட்டுவதில்லை. எலும்பு ஏதோ வாசனை மாதிரி ஒன்றை விடுமாம், அதைப் பிடித்துக்கொண்டே போய்விடுமாம்! பசி எடுத்தவன் என் பேக்கரியைக் கண்டுபிடிப்பது போல.

ஆனால் உன்னுடையதாயிற்றே. வழியில் எங்கே வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறதோ. பயமாக இருக்கிறதுடா. மாமாவிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

அக்கா


மார்ச் 21
கப்பல்

அக்காவுக்கு,

நான் எங்கேயும் தாமதமாகத்தான் வருவேன். வராமல் இருந்திருக்கிறேனா? உன் கல்யாணத்துக்குக்கூடத் தாலி கட்டிய பிறகு வந்தேன், ஆனால் வந்தேன்.

இங்கே எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. கேப்டன் காலையில் வானிலை அறிக்கையைப் படித்துவிட்டு அடுத்த வரியாக, "அக்கா கவுன்ட் என்ன?" என்கிறார். பூஜ்யம் என்றேன். எஞ்சின் ரூமே உம்மென்று ஆகிவிட்டது. சமையல்காரர் ஒரு கரும்பலகை மாட்டி, தேதி போட்டு, பக்கத்தில் ஒரு பெரிய முட்டை வரைந்திருக்கிறார். அந்த முட்டையை அழிக்கும் வேலையை எனக்கு மட்டும்தான் தருவாராம்.

பயப்படு, பரவாயில்லை. ஆனால் தண்ணீர் குடி. புண்ணாக இருந்தாலும் வாயைக் கொப்பளி. என் ஆட்கள் வரும்போது வீடு சுத்தமாக இருக்கட்டும்.

நோஞ்சான்


மார்ச் 26
கண்ணாடி அறை

டேய்! டேய்! டேய்!

அழி அந்த முட்டையை!

நாற்பது என்று ஆரம்பித்தது. நர்ஸ் உள்ளே வந்து நாலு விரலைக் காட்டினார். நான் நாலு என்று நினைத்து அழுதேன். "நாலு இல்லம்மா, நாப்பது! நாப்பது!" என்று அந்தக் கறார் மனுஷி மாஸ்க்குக்குள்ளேயே கத்தினார். மறுநாள் நூற்றி இருபது. நேற்று முன்னூற்றிப் பத்து. இன்று மதியம் ஐந்நூற்றி நாற்பது! காலையிலிருந்து எலும்பெல்லாம் குடைகிறது, இடுப்பு, மார்பெலும்பு, எல்லாம். வலிக்கிறது என்றேன். டாக்டரம்மா கைதட்டுகிறார். "வலிக்கட்டும், வலிக்கட்டும்! உள்ள வேலை நடக்குது" என்கிறார். அவர் ரொம்பச் சின்ன உருவம், வேகமாகப் பேசுவார். சந்தோஷம் வந்துவிட்டால் ஒரு வார்த்தை புரியாது.

காய்ச்சல் போய்விட்டது. வாய்ப் புண் இரண்டே நாளில் ஆறிவிட்டது, உன் ஆட்கள் வந்து சுத்தம் செய்திருக்கிறார்கள். இன்று கஞ்சி குடித்தேன். குரல் வந்துவிட்டது. முதல் வேலையாக மாமாவைத் திட்டினேன், மனுஷன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அழுகிறார்.

இன்னொரு வேடிக்கை கேள். என் ரத்தப் பிரிவே மாறப் போகிறதாம். நாற்பத்தி மூன்று வருஷம் ஓ. இனிமேல் உன்னுடைய பி. சின்ன வயதில் போட்ட தடுப்பூசி ஞாபகமெல்லாம் பழைய ஆட்களோடு போய்விட்டது. அதனால் கைக்குழந்தைக்குப் போடுகிற ஊசி அத்தனையும் எனக்கு மறுபடியும் முதலிலிருந்து போடுவார்களாம். அம்மை, தொண்டை அடைப்பான், எல்லாம். போலியோவும் உண்டா என்று கேட்டேன். உண்டாம்!

நோஞ்சான் நோஞ்சான் என்று சொல்லிச் சொல்லி உன்னைக் கேலி செய்தேன். அந்த நோஞ்சான் ஆட்கள் என்ன உழைப்பு உழைக்கிறார்கள்!

அக்கா


மார்ச் 28
கப்பல்

அக்கா!

அழித்துவிட்டேன். ஐந்நூற்றி நாற்பது என்று எழுதியதும் கேப்டன் கப்பல் சங்கை ஊதிவிட்டார், நடுக்கடலில், யாருமே இல்லாத இடத்தில். எஞ்சின் ரூமில் கரி பூசிய மூஞ்சியோடு ஏழு பேர் குதித்தோம். எனக்கு இடுப்பில் ஊசி குத்திய இடம் இன்னும் வலிக்கிறது, அதோடு குதித்தேன். சமையல்காரர் என்னைக் கட்டிப்பிடித்து, "உன் எலும்புக்குத் திருஷ்டி சுத்திப் போடணும்டா" என்றார்.

போலியோ ஊசி போடும்போது அழாதே. சின்ன வயதில் உன்னைப் பிடிக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

நோஞ்சான்


ஏப்ரல் 14
ஆஸ்பத்திரிக்கு எதிர் வீடு, மாடி அறை

நோஞ்சானுக்கு,

கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன். நூறாவது நாள் வரை ஆஸ்பத்திரிப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றதால் எதிரே ஒரு மாடி அறை எடுத்திருக்கிறோம். ஜன்னலில் இருந்து ஆம்புலன்ஸ் வாசல் தெரிகிறது. வாரத்துக்கு இரண்டு தடவை ரத்தம் கொடுக்கப் போகிறேன்.

ஆனால் உன் கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறதே? ஐந்து நாளாக உள்ளங்கை, கழுத்து, முதுகு எல்லாம் செக்கச் செவேலென்று தடிப்பு. உன் அணுக்கள் என் தோலைப் பார்த்து "இது யார் புது ஆள்?" என்று அடிக்க ஆரம்பித்துவிட்டன. முதலில் என் ஆட்கள் என்னை அடித்தார்கள், இப்போது உன் ஆட்கள் அடிக்கிறார்கள். நான் எங்கே போவேன்?

டாக்டரம்மா பதறவில்லை. நம் மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறதாம். வெள்ளை அணுக்களில் ஒரு வகை அங்கே போய்ப் படித்துத் தேறி வர வேண்டுமாம். சொந்த உடம்பை அடிக்கிறவன் எவனோ அவனை அங்கேயே முடித்துவிடுவார்களாம். நூறு பேர் போனால் இரண்டு மூன்று பேர்தான் பாஸ். உன் ஆட்கள் உன் உடம்பில் படித்துத் தேறியவர்கள். என்னைப் பழகக் கொஞ்ச நாள் ஆகும். அதுவரை அவர்களை அடக்கி வைக்க மாத்திரை. "ரொம்ப அடக்கினா கிருமி வந்துடும். விட்டுட்டா இவங்களே உங்கள அடிப்பாங்க. நடுவுல நிக்கணும், அதான் என் வேலை" என்றார்.

எனக்கு வருத்தமில்லை. சண்டை போடுகிற அளவுக்குத் தெம்பு வந்திருக்கிறதே.

அக்கா


ஏப்ரல் 17
கப்பல்

அக்காவுக்கு,

தடிப்பு என்று படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. என் கோபம் தீர்ந்துவிட்டது என்று அவர்களிடம் யாராவது சொல்லுங்கள். அந்தத் தைமஸ் பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடமாகத்தான் தெரிகிறது. உன்னை அங்கே சேர்த்திருந்தால் முதல் நாளே பெயில். சொந்தத் தம்பியையே கடை நிறைய ஆட்கள் முன்னால் பொய்யன் ஆக்கியவள் நீ.

விளையாட்டு போகட்டும். டாக்டரம்மாவிடம் ஒன்று கேட்டுச் சொல். மஜ்ஜை கொடுத்தவருக்கு ஏதாவது குறை இருந்து, அதை அவர் சொல்லாமல் விட்டிருந்தால், அதனால் வாங்கியவருக்கு இப்படி வருமா? எனக்கு ஒன்றும் இல்லை. சும்மாதான் கேட்கிறேன்.

கேட்காவிட்டாலும் பரவாயில்லை. இல்லை, கேள்.

நோஞ்சான்


ஜூன் 6
மாடி அறை

நோஞ்சானுக்கு,

தடிப்பு போய் ஒரு மாதம் ஆகிறது. தலையில் முடி முளைத்திருக்கிறது, உன்னுடையது மாதிரி சுருட்டை. போன வாரம் ரத்தத்தில் யார் அணு எவ்வளவு என்று சோதித்தார்கள். நூற்றுக்கு நூறு நீ! என் பழைய ஆள் ஒருத்தன் கூட மிச்சமில்லை.

நீ கேட்ட கேள்வியை மறக்கவில்லை, இப்போதுதான் டாக்டரம்மாவிடம் கேட்டேன். உன் ஃபார்மை எடுத்துப் பார்த்தார். "உங்க தம்பி எல்லாத்துக்குமே இல்லைன்னுதான் போட்டிருக்காரு. கல்லுகுண்டு மாதிரி ஆளு" என்றார். நானும் எட்டிப் பார்த்தேன். "உணவு ஒவ்வாமை உண்டா?" என்ற கேள்வி. "இல்லை" என்ற இடத்தில் உன் டிக். கீழே உன் கையெழுத்து!

மாட்டினாயா! சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆறு வருஷம்! ஆறு வருஷம் என்னைக் கொலைகாரி மாதிரி பார்த்தாயே! டாக்டர் முன்னால் என்றதும் உண்மை வந்துவிட்டது பார்த்தாயா? போகட்டும், மன்னித்துவிட்டேன். உயிரைக் கொடுத்தவனிடம் என்ன பஞ்சாயத்து.

பன்னிரண்டாம் தேதி நூறாவது நாள். கடைசிப் பரிசோதனை, அப்புறம் வீடு, அப்புறம் என் கடை! மாமா அன்று காலையே அடுப்பைப் பற்ற வைக்கிறார். முதல் தட்டு என் கடலை பிஸ்கட்தான். ஒரு டப்பா நிறைய ஆஸ்பத்திரிக்கே கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், நர்ஸுக்கும் டாக்டரம்மாவுக்கும். முதல் பிஸ்கட் எனக்கு. அடுப்பில் சமைத்ததெல்லாம் இனி சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த மொறுமொறுப்பை நினைத்து நாலு மாதமாக நாக்கு ஊறிக்கொண்டிருக்கிறது.

உன் பங்கை எடுத்து வைக்கட்டுமா, நடிகரே?

அக்கா


ஜூன் 9
கப்பல்

அக்கா, தயவுசெய்து கடலையைத் தொடாதே.

கோபத்தில் எழுதவில்லை. மீண்டும் சொல்கிறேன், தொடாதே. பொடியாக, எண்ணெயாக, எதுவாகவும் வேண்டாம். கடைக்குள் வறுக்கும்போதுகூட நிற்காதே.

ஃபார்மில் எழுதியதுதான் பொய். அன்று வரிசையில் எனக்கு முன்னால் இருந்தவரை ஏதோ ஒரு வியாதிக்காக வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாலில் ஒரு வாய்ப்பு, அதுவும் நான் ஒருத்தன்தான். கடலையைக் காரணம் காட்டி என்னையும் அனுப்பிவிட்டால்? பேனா அந்தக் கேள்வியில் நின்றது. என் வாழ்க்கையில் அந்த ஒரு கேள்விக்கு நான் பொய் சொன்னதே இல்லை. அன்று சொன்னேன். விசித்திரம் பார், உண்மையைச் சொன்ன நாளில் கடை நிறைய ஆட்கள் சிரித்தார்கள். பொய் எழுதிய நாளில் ஒருவரும் மறுகேள்வி கேட்கவில்லை.

கொடுத்தது மஜ்ஜை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இன்று காலை துறைமுகத்தில் கடலைக்கான என் அவசர ஊசியைப் புதுப்பிக்கப் போனேன். அங்கிருந்த டாக்டர் இடுப்புத் தழும்பைப் பார்த்துவிட்டு விசாரித்தார். சொன்னேன். நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "அப்ப கடலைய எதிரின்னு ஞாபகம் வச்சிருக்கிற அணுவும் கூடவே போயிருக்கலாமே. எப்பவாவதுதான் நடக்கும். ஆனா நடந்திருக்கு. அக்காவுக்குச் சொல்லிட்டீங்களா?" என்றார். வெளியே ஓடினேன். துறைமுகத்தில் போன் கிடைத்து அடித்தால் மாமா எடுக்கவில்லை. கப்பல் கிளம்பிவிட்டது. உன் கடிதத்தைக் கப்பலில் ஏறிய பிறகுதான் பார்த்தேன்.

கேப்டன் அறை போன் பழுது. இந்த மெயில் இன்று மாலை போகும். நீ பார்க்க வேண்டும். பார்த்ததும் ஒரே ஒரு வார்த்தை அனுப்பு, போதும்.

எனக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வை. பொய்யன், நடிகன், எதுவும். சாப்பிடாதே.

தம்பி


ஜூன் 13
கப்பல்

அக்கா,

நாலு நாளாகப் பதில் இல்லை. பன்னிரண்டு தாண்டிவிட்டது. கரும்பலகையில் கவுன்ட் எழுதிய இடத்தில் சமையல்காரர் ஒன்றும் எழுதாமல் துடைத்து வைத்திருக்கிறார். யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

மாமா, இதை நீங்கள் படித்தால் நீங்களாவது எழுதுங்கள்.

தம்பி


ஜூன் 15
வீடு

என் தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதைப் பலகையில் எழுதச் சொல்.

வீடு மாற்றும் அமளியில் டேப்லெட்டைத் துணி மூட்டையோடு கட்டிவிட்டார்கள். உன் கடிதம் இரண்டையும் இன்று காலையில்தான் பார்த்தேன். பார்ப்பதற்கு முன்பே எல்லாம் நடந்துவிட்டது.

பன்னிரண்டாம் தேதி டாக்டரம்மா அறையிலேயே டப்பாவைத் திறந்தேன். நர்ஸ், இரண்டு ஜூனியர் டாக்டர்கள், எல்லோரும் இருந்தார்கள். "முதல் பிஸ்கட் எனக்கு" என்று பாதியைக் கடித்தேன். நாக்கு அரித்தது. புண் ஆறிய நாக்கு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அடுத்து உதடு. அடுத்து காது மடல் சூடாகி, கையெல்லாம் தடித்து, தொண்டையை யாரோ உள்ளிருந்து பிடித்து முறுக்கியது மாதிரி ஆகிவிட்டது. மூச்சை இழுக்கிறேன், வரவில்லை. மாமா முகம் மட்டும் தெரிகிறது. அந்த நிமிஷத்தில் எனக்கு யார் ஞாபகம் வந்தது என்று நினைக்கிறாய்? கழுத்தைப் பிடித்துக்கொண்டு என் கடை வாசலில் ஆட்டோவைக் கை காட்டிய உன் முதுகு.

தொடையில் ஊசி போட்டார்கள். பத்து நிமிஷத்தில் மூச்சு வந்தது. அரை மணியில் எழுந்து உட்கார்ந்தேன். ஆமாம்டா, அரை மணி நேரம். எண்ணிக்கொண்டே இருந்தேன்.

டாக்டரம்மா உன் ஃபார்மைப் பார்க்கிறார், என் மூஞ்சியைப் பார்க்கிறார். "உங்க தம்பிக்குக் கடலை ஆகாதா?" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னேன், "ஆகாது டாக்டர். சின்ன வயசிலேருந்தே ஆகாது." அவ்வளவுதான், அந்த அம்மாவுக்கு வந்ததே ஒரு சந்தோஷம்! "தம்பியோட ஞாபகம் அக்காவுக்கு வந்திருக்கு! வாங்க, வந்து பாருங்க!" என்று மாடியில் இருந்த டாக்டர்களையெல்லாம் கூப்பிட்டு என் வீங்கிய உதட்டைக் காட்டினார். அப்புறம் உன் மேல் கோபம். "சொல்லியிருந்தா நாங்க அவரத் திருப்பி அனுப்பியிருக்க மாட்டோம். உங்கள எச்சரிச்சிருப்போம், அவ்வளவுதான்" என்றார். நீ வந்ததும் உனக்கு அவரிடம் ஒரு மணி நேரத் திட்டு காத்திருக்கிறது. நான் கூட நிற்கிறேன்.

இனி என் முறை.

கை தவறவில்லை தம்பி. மூன்று ஸ்பூன். நானே வறுத்து, நானே பொடித்து, சாக்லேட் மாவில் கலந்தேன். கடை திறக்கிற அன்று, என் பெயர் சொல்லும் கடலை பிஸ்கட்டை என் சொந்தத் தம்பி எல்லோர் முன்னாலும் வேண்டாம் என்று தள்ளிவிடுவானே என்று எரிச்சல். தெரியாமல் தின்றுவிட்டு ஒன்றும் ஆகாமல் நிற்பாய், அப்போது எல்லோரிடமும் "பாருங்க, எல்லாம் மனசுலதான்" என்று சொல்லலாம் என்று திட்டம் போட்டேன். நீ திரும்பி வந்து கேட்டபோது பயந்துபோய்ச் சத்தியம் செய்தேன். அந்தப் பொய்யை மறைக்கத்தான் உன்னைப் பொய்யன் ஆக்கினேன். உன்னைக் கொன்றிருப்பேன். நீ செத்திருந்தால் இன்று நானும் இல்லை. மூன்று நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மன்னிப்பு கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. கேட்கிறேன்.

கடையில் கடலை மூட்டைகளை அன்றே அனுப்பிவிட்டோம். அரைக்கிற இயந்திரம், தட்டு, அலமாரி, எல்லாவற்றையும் கழற்றி வெந்நீரில் இரண்டு தடவை கழுவினார்கள், நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை. கடைப் பலகையில் கடலை பிஸ்கட் பெயரை மாமா சுரண்டி எடுத்தார். "உன் அடையாளமே இதுதானே" என்று தயங்கினார். "என் ரத்தத்துக்கே ஆகாதுங்க, அப்புறம் என்ன அடையாளம்?" என்றேன். வெண்ணெயும் ஏலக்காயும் போட்டு ஒரு புது பிஸ்கட் பழகிக்கொண்டிருக்கிறேன். நாலு தட்டு கருகிவிட்டது, ஐந்தாவது பரவாயில்லை.

நீ வந்து சாப்பிட வேண்டும். பயப்படாதே. இனி என் கையால் எதைக் கொடுத்தாலும் முதலில் நான் உன் கண் முன்னால் சாப்பிடுவேன், பத்து நிமிஷம் பார்ப்போம். உனக்கு ஆகாதது எனக்கும் ஆகாது. ஏதாவது தப்பாக இருந்தால் முதலில் வீங்குவது என் மூஞ்சிதான்.

அக்கா


ஜூன் 17
கப்பல்

அக்காவுக்கு,

பலகையில் "உயிரோடு" என்று எழுதினேன். சங்கு இந்த முறை மூன்று தடவை.

கேக்கில் நீ தெரிந்தேதான் போட்டாய் என்று எனக்குத் தெரியும். முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது, வறுத்த வாசனை. இரண்டாவது வாயை ஏன் சாப்பிட்டேன் என்று கேள். எல்லோரும் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். துப்ப மனம் வரவில்லை.

ஆறு வருஷம் நான் காத்திருந்தது உன் மன்னிப்புக்கு இல்லை. நீ ஒரு தடவை "ஆமா, போட்டேன்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொல்லிவிட்டாய். இனி அந்தக் கேக்கைப் பற்றி நானும் பேசமாட்டேன்.

இருபத்தி எட்டாம் தேதி கரை சேருகிறோம். ஆறாவது தட்டு என்னுடையது. பத்து நிமிஷமெல்லாம் காத்திருக்க முடியாது, நீ கடித்த மிச்சத்தை அப்படியே கொடு. பசியோடு வருகிறேன்.

நோஞ்சான்